பால் சொசைட்டிக்குப் போன பாட்டில்

"எந்த மாடு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

என் கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் இருந்தது. இருமல் மருந்து வந்த பாட்டில்தான். மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன். அதில் பாதிக்கும் கீழே பால். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கேனோ தூக்கோ வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது.

எங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்ன ஊரின் பால் சொசைட்டி அது. சாயங்காலக் கறவைக்கு நான்கு மணி வாக்கில் திறப்பார்கள். உள்ளே போனால் புண்ணாக்கு வாசனையும் கழுவிவிட்ட சிமென்ட் தரையின் வாசனையும் வரும். மேசைமேல் ஒரு மிஷின். அதில் கொஞ்சம் பாலை ஊற்றினால் சிவப்பு எழுத்தில் கொழுப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று காட்டும். மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, காதில் சொருகிய பேனா. எல்லோரும் அவளை எஸ்தரு என்று கூப்பிட்டார்கள்.

"உறுப்பினர் நம்பர் இன்னாண்ணா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"நம்பர் இல்லமா. நான் பால் ஊத்த வரல. சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், அவ்ளோதான்."

"எந்த மாடு? சீமையா, நாட்டு மாடா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"சரி, கன்னு போட்டு எத்தினி நாளாவுது?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"ஆறு வாரம்," என்றேன்.

ஐந்தரை மணி

அங்கேயே கொஞ்ச நேரம் என்னை நிற்கவைத்துவிட்டு, அந்த பாட்டில் என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் போன வாரம் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியதற்கே என் மனைவி வசந்தி இன்னும் சமாதானமாகவில்லை. இந்த வாரத்தைப் படித்துவிட்டு என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. ஆனால் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு மேலே எழுதினால், படிக்கிற உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

எங்கள் மகள் யாழினி பிறந்து முதல் இரண்டு வாரம், குடிப்பதும் தூங்குவதுமாகத் தங்கமாக இருந்தாள். தெருவில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். அதுதான் தப்பு என்று என் அக்கா கமலா பிறகு சொன்னாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அழ ஆரம்பித்தாள். சும்மா சிணுங்கல் இல்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கிக்கொள்வாள். கை இரண்டும் முஷ்டி. பால் கொடுத்தால் இரண்டு மிடறு குடித்துவிட்டு வாயை எடுத்து மறுபடி அலறுவாள். எட்டு மணி வாக்கில், சுவிட்ச் போட்டது மாதிரி நிற்கும். மறுநாளும் ஐந்தரை. அதற்கு மறுநாளும் ஐந்தரை.

தெருவுக்கே அது பழகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண்மணி, "யாழினி ஆரம்பிச்சிட்டா, நான் போய் அரிசி களையணும்," என்று எழுந்து போவதை என் காதால் கேட்டிருக்கிறேன். பகலெல்லாம் சிரித்தபடி இருக்கும் குழந்தை. நல்ல எடை. ஜுரம் கிடையாது. வெளிக்கு ஒழுங்காகப் போகிறது. அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் யாரோ அவளைக் கிள்ளுகிற மாதிரி.

முறைப்படி வசந்தி அவள் அம்மா வீட்டில், ஆரணியில் இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் அவள் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் பிரசவம் எங்கள் பக்கமே நடந்தது. என் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் இரண்டு வீடு தள்ளி இருந்த கமலாக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அக்காவைக் குறை சொல்லவில்லை. நாற்பது நாள் அவள் வடித்துப் போட்டதைத்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் பட்டிருக்கிறது என்று சுற்றிப் போட்டார்கள். உரம் விழுந்திருக்கிறது, குழந்தைக்குச் சுளுக்கு என்று ஒரு அம்மாள் வந்தாள். பழைய நூல் சேலையில் குழந்தையைப் போட்டு, ஒரு தலைப்பை அவளும் மறு தலைப்பை அக்காவும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்கள். யாழினி அதிர்ச்சியில் கப்பென்று அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தாள். "பாத்தியா, உரம் எடுபட்டுச்சு," என்று அந்த அம்மாள் வெற்றிலையைக் கிழித்தாள். வெற்றிலை வாய்க்குள் போவதற்குள் யாழினி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உருட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அறுந்த இழை

நான் மட்டும் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

நெசவு செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவில் நீளவாக்கில் ஓடும் இழை ஒன்று அறுந்தால் துணியில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் அறுந்த இழை எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும். எடுத்து முடிச்சுப் போட்டால் கோடு மறைந்துவிடும். அறுந்த இழை இல்லாமல் கோடு விழாது. இருபது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவனுக்கு உலகமே அப்படித்தான் தெரியும்.

அழுகைக்கும் ஓர் இழை இருக்க வேண்டும் என்று தேடக் கிளம்பினேன். தினமும் கிழித்துப் போடும் நாள்காட்டித் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். காலை: வசந்தி, இட்லி நான்கு, சட்னி. மதியம்: சாதம், கத்தரிக்காய். அழுகை: ஐந்து முப்பத்தைந்து. மறுநாள் கத்தரிக்காய் கிடையாது. அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்கு கிடையாது. பருப்பு வாயு என்று அக்கா சொன்னாள், பருப்பு போயிற்று. தேங்காய், கடலை, தயிர், வாழைப்பழம் எல்லாம் வரிசையாகப் போயின. கடைசியில் வசந்தி தட்டில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் மிச்சம். அவள் வெறும் ரசம் சாதம் தின்ற நாளில்தான் யாழினி எட்டரை வரைக்கும் அழுதாள். அதையும் தாளில் எழுதினேன். எழுதினேனே தவிர, எழுதியதைப் படிக்கவில்லை.

அடுத்தது தறிச் சத்தம். குழந்தை பயப்படுகிறது என்றார்கள். ஒரு வாரம் சாயங்காலம் தறியை நிறுத்தினேன். நடுவில் அமாவாசை வேறு, அன்றைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அந்த அமைதியில் யாழினியின் குரல் இன்னும் நன்றாகக் கேட்டது. சரி, சத்தம்தான் அவளுக்குப் பிடிக்கிறதோ என்று மறுபடி தறியை ஓட்டிப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் குழந்தை கண்ணயர்ந்தது என்று எழுதினால் இந்தப் பக்கம் அழகாகத்தான் இருக்கும். நடந்தது என்னவென்றால், தறியோடு போட்டி போட்டுக்கொண்டு கத்தினாள்.

இத்தனை நாளும் அந்த இரண்டரை மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார் என்று கேட்காதீர்கள். வசந்திதான். நான்தான் தாளில் எழுதிக்கொண்டிருந்தேனே.

சுரண்டிப் பார்த்த சேலை

என் குணத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு வசந்தி வீட்டிலிருந்து சீரோடு ஒரு ஆரணிப் பட்டு வந்தது. அவள் அம்மா ஆசையாக எடுத்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு வெளியூர்ப் பட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. யாரும் பார்க்காத நேரத்தில் முந்தியின் ஓரத்தில் ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே அசல் ஜரிகைக்கு உரிய சிவப்பு நூல் தெரிகிறதா என்று. நல்ல ஜரிகைதான். சேலையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால் நிலைப்படியில் வசந்தி. கல்யாணம் ஆகி மூன்று நாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், நான் வாயைத் திறப்பதற்குள், "சீர்ல வந்த சேலயவே சொரண்டிப் பாத்த ஆளு நீங்க," என்று ஆரம்பித்துவிடுவாள். அதோடு என் கட்சி தோற்றுவிடும்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அக்கா ஒரு நாள் வந்து சொன்னாள். "டேய் சம்பந்தம், நான் சொல்றேன்னு நெனச்சிக்காத. அவ பால் புள்ளைக்கி சேரல. பவுடர் பாலுக்கு மாத்திடு." சொன்னதோடு நிற்காமல் ஒரு டின்னையும் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

வசந்தி அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்," என்றாள். "அப்பவும் அழுதான்னா நிறுத்திடறேன். என் பாலுதான் அவள இந்தப் பாடு படுத்துதுன்னா, நான் இன்னாத்துக்கு குடுக்கணும்?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "அப்படியெல்லாம் இல்ல" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பால் நன்றாக இருக்கிறது என்று நிரூபித்து அக்கா வாயை அடைக்கப் போகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பாதி மனதில் எனக்கும் சந்தேகம் இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பால் கட்டிக்கொண்டால் வசந்தி கொஞ்சம் பீய்ச்சி டம்ளரில் எடுத்து என்னிடம் கொடுப்பாள். தாய்ப்பாலைக் கால் மிதிபடுகிற இடத்தில் கொட்டக் கூடாது என்பார்கள். பின்கட்டு முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவது என் வேலை. சனிக்கிழமை மதியம் டம்ளரை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மரத்தடியில் ஊற்றவில்லை.

மாட்டுக்கு வைத்த மிஷின்

"ஆறு வாரம்," என்று நான் சொன்னதும் எஸ்தர் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். அதில் எப்போதும் பட்டு நூல் துணுக்கு ஒட்டியிருக்கும்.

"நெசவு வூட்டு ஆளா?"

"ஆமா."

"வூட்ல மாடு இருக்குதா?"

"இல்ல."

பின்னால் நின்ற சைக்கிள்காரர் இருமுவதுபோல் ஏதோ செய்தார். எஸ்தர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகி, மறுபடி என் கையிலேயே வைத்தாள்.

"அண்ணா, இது மாட்டுக்கு வெச்ச மிஷினு. இதுல ஒங்க பொண்டாட்டிய ஊத்தாதீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு அப்படி உறைத்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் விடவில்லை. சைக்கிள்காரரின் பாலை மிஷினில் ஊற்றிக்கொண்டே பேசினாள். அவள் அப்பா அந்த ஊர் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர் என்பதும், இவள் ஏனாத்தூர் காலேஜ் போய்ப் படித்துவிட்டு வந்து சொசைட்டி வேலையில் சேர்ந்தவள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பதுதான்.

"எங்க வூட்ல ரெண்டு. ஒண்ணு நிறுத்தனா இன்னொண்ணு ஆரம்பிக்கும். இப்ப ஸ்கூல் போவுதுங்க," என்றாள். "புள்ள எட ஏறிக்கினு இருக்குதா?"

"ஏறிக்கினுதான் இருக்குது."

"ஒண்ணுக்கு நல்லாப் போவுதா?"

"துணி மாத்தி மாளல."

"அப்ப பால்ல இன்னா கொறைய கண்டுபுடிக்க வந்தீங்க? எடதான்ணா பாலுக்கு டெஸ்ட்டு. எதுக்கும் புள்ளைய ஒருவாட்டி டாக்டரு கைல காட்டிடுங்க." அவள் நோட்டில் கொழுப்பை எழுதிக்கொண்டாள். "சாயங்காலம் அழறப்போ யாரு தூக்கிக்கினு இருக்கறாங்க?"

"அவதான்."

"நீங்க?"

"நான்… காரணம் தேடிக்கினு இருக்கேன்."

சைக்கிள்காரர் இந்தத் தடவை மறைக்காமல் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, குழந்தையைப்போல் தன் முன்கையின் மேல் குப்புறக் கிடத்தினாள். தலை முழங்கை மடிப்பில், இரண்டு கால் கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மறு கையால் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இப்படித் தூக்குங்க. வயிறு கையில அழுந்தனாப்ல இருக்கணும், ரொம்ப அழுத்தக் கூடாது. மூஞ்சி வெளிய தெரியணும். முழிச்சிக்கினு இருக்கறப்போ மட்டும். தூங்கிட்டா மல்லாக்கப் போட்டுடணும். நிக்குமான்னு கேக்காதீங்க. சில நாள் நிக்கும், சில நாள் நிக்காது. ஆனா அந்தப் பொம்பளைக்கி ரெண்டு கையும் கொஞ்சம் காலியாவும் இல்ல?"

முருங்கை மரத்தடி

வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஐந்தே கால். யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக வந்து, முருங்கை மரத்தடியில் குனிந்து பாட்டிலைச் சாய்த்தேன்.

"மத்தியானம் குடுத்தத இப்பதான் ஊத்தறீங்களா?"

பின்வாசலில் வசந்தி. இடுப்பில் துண்டு, தோளில் யாழினி. இந்தப் பெண் எப்போதும் நிலைப்படியில்தான் வந்து நிற்பாள்.

"அது இன்னா, பாட்டில்ல?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. இரண்டு பொய் கைவசமும் இருந்தது. ஆனால் மாட்டுக்கு வைத்த மிஷின் என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. சொல்லிவிட்டேன். எங்கே போனேன், எதற்குப் போனேன், எல்லாவற்றையும்.

"யாரு அனுப்புனது, அக்காவா?"

"இல்ல. நானேதான்."

அவள் முகம் எப்படி மாறியது என்று என்னால் எழுத முடியவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வாரமாக ஒருவர் விடாமல் சொன்னதைத் தாங்கிக்கொண்டவள், நானும் அதில் ஒருவன்தான் என்று தெரிந்துகொண்ட மாதிரி பார்த்தாள். சேலை என்றுகூட அவள் ஆரம்பிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து யாழினி ஆரம்பித்தாள். ஐந்தரை.

வசந்தி வழக்கம்போல் நடக்கத் தொடங்கினாள். நான்கு அடி போனவள் நின்றாள். திரும்பி வந்து, குழந்தையை என் முன்னால் நீட்டினாள்.

"புடிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எஸ்தர் காட்டிய மாதிரி யாழினியை முன்கையில் குப்புறக் கிடத்தினேன். அவள் கொஞ்சமும் நிறுத்தவில்லை. கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சொம்பு சொம்பாக, அவசரமில்லாமல். பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதற்கப்புறமும் வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. என் கையில் இத்தனூண்டு உடம்பு முறுக்கிக்கொண்டு துடித்தது. காதுக்குள் ஊசி போட்டு இறக்குவது மாதிரி இருந்தது அந்த அழுகை. பத்து நிமிஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டரை மணி நேரம், மூன்று வாரத்துக்கு மேலாக, அவள் ஒருத்தியே.

வசந்தி ஈரத் தலையோடு வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். அக்கா காலையில் எனக்கென்று வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. சாதத்தைப் போட்டு, குழம்பை ஊற்றி, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னைப் பார்க்காமலே இரண்டு கவளம் தின்றாள். மூன்றாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மிஷின்ல இன்னா காட்டுச்சு?"

"ஊத்தவே இல்ல," என்றேன், அழுகைக்கு மேல் குரலை உயர்த்தி. "இது மாட்டுக்கு வெச்ச மிஷினு, இதுல ஒங்க பொண்டாட்டிய ஊத்தாதீங்கன்னுட்டாங்க."

வசந்தி என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வந்தது சிரிப்பு. கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு, இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"யாருங்க அந்தப் பொம்பள? நான் அவளப் பாக்கணும்."

அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அழுகையாக மாறியது. நான் ஒரு கையில் குழந்தையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குழந்தையும் அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் அழுதோம். எதிர்வீட்டில் அரிசி களைந்திருப்பார்கள்.

கோர்வை

ஞாயிற்றுக்கிழமையும் யாழினி அழுதாள், ஆனால் பாலை நிறுத்தும் பேச்சை வசந்தி எடுக்கவில்லை. திங்கட்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா யாழினியைத் தலைமுதல் கால்வரை பார்த்து, எடை போட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜுரம் இருக்குதா? பச்சையா வாந்தி எடுக்கறாளா? வெளிக்குப் போறப்போ ரத்தம்? பால் வேணாம்னு சோர்ந்து கெடக்கறாளா?"

எதுவும் இல்லை என்றோம்.

"இதுல எது வந்தாலும் ஒடனே தூக்கிக்கினு வரணும். இல்லன்னா இது கோலிக். ஆறாவது வாரத்துல உச்சத்துல இருக்கும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும்."

"காரணம் இன்னாங்க டாக்டர்?" என்றேன். பழக்கம் போகுமா.

"சரியா யாருக்கும் தெரியாது," என்றார் அவர் சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுந்த இழை இல்லாமல் கோடு விழும் என்று படித்த டாக்டரே சொல்கிறார்.

வசந்தி எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்றார். குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வசம்பு, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்றார். சேலையில் உருட்டிய கதையை அக்காவே வெகுளியாகச் சொல்ல, டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் கிழித்துத் தொங்கவிட்டார். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்து, "கேக்க முடியல, கை நடுங்குதுன்னா, புள்ளைய மல்லாக்கப் பத்திரமா படுக்கவெச்சிட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போய் நில்லுங்க. அது தப்பில்ல. குலுக்கறது மட்டும் கூடவே கூடாது," என்றார். வசந்தி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகு, "எத்தினி நாள் அப்படிப் போய் நிக்கணும்னு இருந்துச்சு தெரியுமா," என்றாள்.

நானும் வசந்தியும் கோர்வைச் சேலை நெய்கிறவர்கள். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். குறுக்கு இழை ஓட்டும் நாடா மூன்று, ஆள் இரண்டு. வலது கரையின் நாடாவை அவள் போடுவாள். அவள் போடும்வரை நான் காத்திருப்பேன், நான் அடிக்கும்வரை அவள் காத்திருப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதில் எங்களுக்குள் ஒரு தகராறு வந்ததில்லை. பிரசவத்திலிருந்து நான் தனியாக நெய்வதற்காகச் சாதாரணச் சேலையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சேல நெய்ய மட்டும் ரெண்டு பேரு வேணும்," என்றாள் வசந்தி அன்றைக்கு. "புள்ள அழுதா ஒருத்தி போதுமா?"

நான் எழுதி வைத்த நாள்காட்டித் தாள்களை அவள் எடுத்துப் படித்தாள். ரசம் சாதத்து நாளைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிச்சம் இருந்த இடத்தில் அவளே எழுதினாள். ஐந்தரை முதல் ஆறு: அவர். ஆறு முதல் ஆறரை: நான். ஆறரை முதல் ஏழு: அக்கா. அக்கா முதல் நாள் முணுமுணுத்தாள். இரண்டாம் நாள் டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் யாழினியை முன்கையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஊர்வலம் போனாள். தன் முறை முடிந்த பிறகும் குழந்தையைத் தர மறுத்த நாட்கள் உண்டு.

அழுகை நின்றதா என்றால் நிற்கவில்லை. சில நாள் முன்கையில் போட்டு நடந்தால் அடங்கும். சில நாள் தோளில் நிமிர்த்தி வைத்தால் ஏப்பம் விட்டுவிட்டு அடங்கும். சில நாள் மின்விசிறிக்குக் கீழே "உஷ்" என்று நீளமாகச் சத்தம் கொடுத்தால் அடங்கும். முந்தாநாள் வேலை செய்தது நேற்று வேலை செய்யாது. ஆனால் வசந்தியின் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பாலும் குறையவில்லை. ஒரு நாள் சாயங்காலம், யாழினி என் கையில் அலறிக்கொண்டிருக்கும்போது, வசந்தி தறிக்கு முன்னால் நின்று, "அடுத்த பாவு கோர்வை போட்டுக்கலாம்," என்றாள்.

வராத ஐந்தரை

யாழினிக்கு மூன்றரை மாதம் இருக்கும். ஒரு நாள் ஐந்தரை மணி.

என் முறை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அடுத்த முறைக்கு வசந்தி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். அக்கா கொஞ்சம் முன்னாலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பாயில் கிடந்த யாழினி தன் முஷ்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முஷ்டியை வாய்க்குள் போட முயன்றாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள்.

ஐந்தே முக்கால். ஆறு. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, புள்ளைய எங்கனா அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அரிசி களையாமல் அங்கேயே நின்றாள். ஏழு மணி வரைக்கும் நாங்கள் நான்கு பேரும் ஒரு குழந்தை அழுவதற்காகக் காத்திருந்தோம். யாழினி முஷ்டியை வாய்க்குள் போட்டே விட்டாள்.

நான் என்னையறியாமல் நாள்காட்டியைப் பார்த்தேன். மதியம் என்ன சாப்பாடு என்று யோசித்தேன். பருப்பு. காலையில் வாழைப்பழம். தறி ஓடியதா? ஓடியது.

வசந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"போங்க," என்றாள். "இன்னிக்கி ஏன் அழலன்னு காரணம் கண்டுபுடிச்சிக்கினு வாங்க. வேணும்னா பாட்டில கழுவித் தர்றேன்."